கதை எழுத வேண்டாம், ஊரை எழுதுங்கள்!

செல்போனிலோ கம்ப்யூட்டரிலோ ஒரு கேம் கூட இல்லாத வீடு இன்று அபூர்வம். அரக்கனை வெல்வது, புதையலைத் தேடுவது, கோட்டைக்குள் நுழைவது என்று ஓடும் இந்த கேம்களில் பலவற்றுக்கும் ஒரு தாத்தா உண்டு. அந்தத் தாத்தாவுக்கு மின்சாரம் தேவையில்லை. நான்கைந்து பேர், பேப்பர், பென்சில், சில பகடைகள் போதும். அதன் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி 1974-ஆம் ஆண்டு வெளிவந்தது.

இந்த வகை விளையாட்டை டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்கிறார்கள். இதற்கான அட்வென்ச்சரை, அதாவது விளையாடும் களத்தை, நாமே வீட்டு கம்ப்யூட்டரில் தயாரிக்கலாம். எங்கள் ஜெயங்கொண்டம் பகுதியை வைத்து நான் ஒன்று தயாரித்தேன். அதை உதாரணமாக வைத்து வழிமுறையைப் பார்ப்போம். விலை கொடுத்து வாங்க வேண்டிய சாப்ட்வேர் எதுவும் இதற்குத் தேவையில்லை.

விளையாட்டு எப்படி நடக்கும்?

விளையாடுபவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை எடுத்துக் கொள்வார். ஒருவர் மட்டும் விளையாட்டை நடத்துவார். அவரை இங்கே நடத்துநர் என்று அழைப்போம். பஸ் நடத்துநர் மாதிரிதான். வண்டியை ஓட்டுவது அவரில்லை. யார் எங்கே இறங்குவது என்பதும் அவர் கையில் இல்லை.

"நீங்கள் ஏரிக்கரையில் நிற்கிறீர்கள். காட்டுக்குள்ளிருந்து முனகல் கேட்கிறது. என்ன செய்கிறீர்கள்?" என்று நடத்துநர் கேட்பார். "மரத்தில் ஏறிப் பார்க்கிறேன்" என்பார் ஒருவர். அது முடியுமா என்பதில் சந்தேகம் இருந்தால் பகடை உருட்டுவார்கள். விழும் எண்ணைப் பொறுத்து அடுத்தது நடக்கும். அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் கேமில் புரோகிராமர் வைக்காத கதவைத் திறக்க முடியாது. இங்கே அந்தக் கட்டுப்பாடு இல்லை. இதுதான் இந்த விளையாட்டின் பலம். அட்வென்ச்சர் எழுதுபவருக்குத் தலைவலியும் இதுதான்.

1,023 காட்சிகள்!

புதிதாக எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் சிறுகதை போலத் தொடங்குவார்கள். முதலில் இது நடக்கும், பிறகு அது நடக்கும், கடைசியில் அரக்கன் சாவான் என்று எழுதுவார்கள். விளையாடுபவர்கள் இரண்டாவது காட்சியிலேயே வேறு பக்கம் போய்விடுவார்கள்.

சரி, எல்லா வழிகளையும் முன்கூட்டியே எழுதிவிடலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டே வழிகள் என்று வைத்துக் கொள்வோம். பத்துக் கட்டங்களுக்கு எழுத வேண்டிய காட்சிகள் 1,023. முடிவுகள் 1,024. ஒரு காட்சிக்கு அரைப் பக்கம் என்றாலும் 500 பக்கங்களைத் தாண்டிவிடும்.

இதையே மாற்றி யோசியுங்கள். நடக்கப் போவதை எழுதாமல், அங்கே இருப்பதை மட்டும் எழுதினால்? ஏழு இடங்கள் என்றால் ஏழு பத்திகள். அந்த ஏழு இடங்களை எந்த வரிசையில் வேண்டுமானாலும் சுற்றலாம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முறை மட்டும் போனாலே 5,040 விதமாகச் சுற்ற முடியும். சாப்ட்வேர் துறையில் இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். எல்லாப் பாதைகளுக்கும் தனித்தனியாகக் கோடு எழுத மாட்டோம். டேட்டாவைச் சரியாக வைத்துவிட்டால் பாதைகள் தாமாகவே கிடைக்கும்.

எங்கள் ஊரில் ஒரு களம்

டிராகனும் பனிமலைக் கோட்டையும்தான் வேண்டும் என்பதில்லை. 2022-ல் வெளியான ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடல் என்ற அதிகாரபூர்வமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புத்தகத்தில், கொல்கத்தாவைச் சேர்ந்த எழுத்தாளர் மிமி மண்டல் வங்காள மண்ணின் சாயலில் ஒரு அட்வென்ச்சர் எழுதியிருக்கிறார். வங்காளத்துக்கு முடியும் என்றால் நமக்கும் முடியும்.

ஜெயங்கொண்டத்திலிருந்து சிறிது தூரத்தில் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. 1014 முதல் 1044 வரை ஆண்ட முதலாம் ராஜேந்திர சோழன் உருவாக்கிய தலைநகரம். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சோழர்களின் தலைநகராக இருந்தது. 2004-ல் இங்குள்ள கோயில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்க்கப்பட்டது. கோயில் நிற்கிறது. நகரம் இல்லை. ஆனால் சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களைக் கேளுங்கள்: உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், சுண்ணாம்புக்குழி, மெய்க்காவல்புத்தூர். பஸ் போர்டில் தினமும் பார்க்கும் பெயர்கள்தான். சேர்த்துப் படித்தால் ஒரு நகரத்தின் மேப் ஆகிவிடுகிறது.

காலத்தை ராஜேந்திரன் காலமாக வைக்காமல் 1836 என்று வைத்தேன். அந்த ஆண்டு கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டது. ஆர்தர் காட்டன் திட்டமிட்ட அணை. அதற்குத் தேவையான கல்லுக்காக கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் சுற்று மதிலை இடித்து எடுத்துச் சென்றார்கள். ஊர் மக்கள் தடுக்கப் பார்த்தார்கள், தண்டிக்கப்பட்டார்கள், கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்குறுதியும் நிறைவேறவில்லை என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே அச்சான குறிப்பு இருக்கிறது.

இதில் மறுபக்கமும் உண்டு. அந்த அணையால் எத்தனையோ வயல்களுக்குத் தண்ணீர் கிடைத்தது. இன்றும் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. 2004 முதல் வீராணத்துத் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கும் வருகிறது. சென்னையில் வேலை பார்க்கும் நானும் அதைக் குடித்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். யார் பக்கம் நியாயம் என்று ஒரு வரியில் சொல்ல முடியாத விஷயம். நல்ல அட்வென்ச்சருக்கு இதுதான் வேண்டும்.

இதில் மாயத்தைச் சேர்க்க வேண்டும் அல்லவா? ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரிக்குப் பல மைல் நீளக் கரை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அந்த ஏரி தூர்ந்து, படுகையில் காடு மண்டிக் கிடந்தது. அந்தக் காட்டுக்குள் ஏரியைக் காக்கும் பூதம் ஒன்று தூங்குகிறது என்று வைத்தேன். மதில் கற்களில் வெட்டியிருக்கும் எழுத்துகள்தான் அதன் நினைவு. ஒவ்வொரு கல்லாகப் போகப் போக, தான் எதைக் காக்கிறோம் என்பதே அதற்கு மறந்து போகிறது. முழுவதும் மறந்துவிட்டால்? ஊர் தாங்காது.

நான்கு ஷீட்கள்

லிப்ரே ஆபீஸ் கால்க், எக்செல், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் சரி. ஒரே பைலில் நான்கு ஷீட்களைத் திறந்து கொள்ளுங்கள்.

1. இடங்கள்: ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரி. கண்ணுக்குத் தெரிவது, காதில் கேட்பது, தேடினால் கிடைப்பது என்று மூன்று காலங்கள். என் பட்டியலில் கோயில், ஏரிப் படுகைக் காடு, மாளிகைமேடு, உட்கோட்டை, ஆயுதக்களம், சுண்ணாம்புக்குழி, அணை கட்டும் இடம் என ஏழு.

2. ஆட்கள்: ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும், எதற்குப் பயம், என்ன தெரியும் என்று மூன்று காலங்கள். கல் ஏற்றும் வண்டிக்காரருக்குக் கூலி வேண்டும், ஏனென்றால் மாடுகள் கடனில் வாங்கியவை. கோயில் கல்லை ஏற்றினால் குடும்பத்துக்கு ஆகாது என்று பயம். எந்தக் கல் எந்த இரவில் போகிறது என்பது அவருக்குத் தெரியும். அணை மேஸ்திரிக்கு வெள்ளம் வருவதற்குள் வேலை முடிய வேண்டும். கொள்ளிடக்கரை விவசாயப் பெண்ணுக்கு வயலுக்குத் தண்ணீர் வேண்டும். அவளுக்குக் கோயிலும் சாமியும் வேண்டும். வில்லன் என்று தனியாக யாரும் இல்லை. பேச வேண்டிய வசனங்களை எழுதாதீர்கள். மூன்று காலங்களும் நிரம்பியிருந்தால் வசனம் நாக்கில் தானாக வரும்.

3. தடயங்கள்: விளையாடுபவர்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டிய ஒவ்வொரு விஷயத்துக்கும் மூன்று தடயங்கள், மூன்று வெவ்வேறு இடங்களில் வையுங்கள். ஏன் மூன்று? ஒரு தடயத்தைக் கண்டுபிடிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால், மூன்றையும் கோட்டை விட எட்டில் ஒரு பங்கு வாய்ப்புதான். அதாவது 87.5 சதவீதம் ஏதாவது ஒன்று சிக்கிவிடும். ஒரே தடயத்தை நம்பி எழுதினால் பாதி நேரம் விளையாட்டு நடு வழியில் நின்று போகும்.

4. நாட்கள்: விளையாடுபவர்கள் ஒன்றுமே செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கான அட்டவணை இது. என்னுடையது பத்து நாள். 4-ஆம் நாள் பூதத்துக்கு அரசனின் பெயர் மறக்கிறது. 7-ஆம் நாள் ஏரியின் பெயர் மறக்கிறது. 10-ஆம் நாள் தன் பெயரே மறந்து காட்டைவிட்டு வெளியே வருகிறது. விளையாடுபவர்கள் எதைச் செய்கிறார்களோ அதற்கேற்ப இந்த வரிகளை அடித்துத் திருத்திக் கொண்டே போகலாம்.

நான்கையும் சேர்த்து ஆறு பக்கங்களுக்குள் அடக்கி ஏ4 தாளில் பிரின்ட் எடுங்கள். விளையாடும்போது லேப்டாப்பை மூடி வைப்பது நல்லது. நடத்துநர் ஸ்கிரீனைப் பார்த்துக் கொண்டிருந்தால் எதிரே இருப்பவர்களும் செல்போனை எடுத்துவிடுவார்கள். கரன்ட் போனாலும் விளையாட்டு நிற்காது.

தாயக்கட்டை இருக்க டைஸ் எதற்கு?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட 20 முகம் உள்ள பகடை வரை தேவை. ஆன்லைனில் கிடைக்கிறது. ஆனால் நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் பித்தளைத் தாயக்கட்டையே போதும். ஒவ்வொரு கட்டையிலும் வெறுமை, 1, 2, 3 என நான்கு முகங்கள். இரண்டை உருட்டினால் மொத்தம் 16 விதமாக விழலாம். அவற்றில் 1 இரண்டு விதமாகவும், 2 மூன்று விதமாகவும், 3 நான்கு விதமாகவும், 4 மூன்று விதமாகவும், 5 இரண்டு விதமாகவும், 6 ஒரு விதமாகவும் விழும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. அதுவும் ஒரே விதம்தான்.

4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி என்று வைத்தால் 16-க்கு 7, அதாவது சுமார் 44 சதவீதம். பாதிக்கும் குறைவாக இருக்கிறதே என்று யோசிக்கிறீர்களா? நம் விளையாட்டில் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். எனவே 1 விழுந்தால் தோல்வி இல்லை; எதிர்பாராத ஒரு வழி திறக்கும் என்று விதி செய்தேன். இப்போது 16-க்கு 9, அதாவது 56 சதவீதம் ஏதோ ஒரு விதத்தில் நல்லது நடக்கும். 12 விழுந்தால் அதிசயம். அதை உருட்டியவரே விவரிக்கலாம்.

கணக்கை நீங்களே சோதிக்கலாம். ஷீட்டில் ரேண்ட்பிட்வீன் என்ற பங்ஷனில் 0, 3 என்று கொடுத்து இரண்டு காலங்களில் 1,000 வரிகளுக்கு இழுத்துவிடுங்கள். மூன்றாவது காலத்தில் இரண்டையும் கூட்டுங்கள். கூட்டல் 0 வந்தால் அதைப் பன்னிரண்டாக எடுத்துக் கொள்ளுங்கள். கவுண்ட்இப் பங்ஷன் மூலம் எண்ணிப் பார்த்தால் மேலே சொன்ன விகிதத்துக்கு மிக அருகில் வரும்.

முழு விதிமுறைகள் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தகவல். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்.ஆர்.டி. என்ற ஆவணம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. பி.டி.எப். பைலாக இலவசமாக டவுன்லோட் செய்யலாம். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு உங்கள் படைப்பில் பயன்படுத்தலாம். தமிழில் மொழிபெயர்க்கவும் தடையில்லை.

எது உண்மை, எது கற்பனை?

சொந்த ஊரை வைத்து எழுதும்போது ஒரு பொறுப்பு சேர்ந்து கொள்கிறது. டிராகன் இருக்கும் நாட்டைப் பற்றி எதை எழுதினாலும் யாரும் நம்பிவிட மாட்டார்கள். மாளிகைமேட்டைப் பற்றி எழுதினால் நம்புவார்கள். எங்கள் பக்கத்தில் கோயிலைச் சுற்றி ஏற்கெனவே ஆயிரம் கதைகள் உண்டு. அதில் நானும் ஒன்றைச் சேர்த்துவிட்டு, பத்து ஆண்டுகள் கழித்து யாராவது அதை வரலாறு என்று என்னிடமே சொன்னால் நன்றாக இருக்காது.

எனவே ஒவ்வொரு ஷீட்டிலும் கடைசியாக ஒரு காலத்தைச் சேர்த்தேன். அதில் உ அல்லது க. உண்மை என்றால் உ, கற்பனை என்றால் க. கீழணை, 1836, மதில் இடிப்பு, மக்கள் எதிர்ப்பு ஆகியவை உ. பூதம், மதில் கற்களில் எழுத்து, வண்டிக்காரர், மேஸ்திரி, விவசாயப் பெண் ஆகியவை க. பில்டர் வசதியைப் பயன்படுத்தி உ வரிகளை மட்டும் தனியாக எடுத்துப் பிரின்ட் செய்து, விளையாட்டு முடிந்ததும் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். ஐந்து நிமிட வேலைதான். விட்டுவிடாதீர்கள்.

விளையாடிப் பார்த்தபோது

மே மாத விடுமுறையில் ஜெயங்கொண்டத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் விளையாடினோம். என் அக்கா பிள்ளைகள் இருவர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர். எல்லோரும் 11 முதல் 15 வயது. இரண்டு மாலைகள், மொத்தம் ஐந்து மணி நேரம்.

முதல் நாள் எல்லோருக்கும் ஒரே எண்ணம்: வண்டிகளை மறிக்க வேண்டும். இரண்டு வண்டிகளின் அச்சாணியைக் கழற்றியும்விட்டார்கள். இரண்டாம் நாள் அணை கட்டும் இடத்துக்குப் போய் அந்த விவசாயப் பெண்ணிடம் பேசினார்கள். திரும்பி வரும் வழியில் சண்டை வந்துவிட்டது. பாத்திரங்களுக்குள் இல்லை, பிள்ளைகளுக்குள்தான். "அணை வேணாம்னு சொன்னா அந்தக்கா வீட்டுல என்ன சாப்பிடுவாங்க?" என்று ஒருவன் கேட்டான். "அதுக்காக நம்ம கோயிலை இடிக்கலாமா?" என்றாள் இன்னொருத்தி. நான் வாயைத் திறக்கவில்லை. நடத்துநரின் கருத்து அங்கே தேவையில்லை.

அரை மணி நேரம் கழித்து அக்கா மகள் கேட்டாள்: "மாமா, கல்லைத்தான் நிறுத்த முடியல. அதுல இருக்கற எழுத்தையாவது ஓலையில காப்பி எடுத்துக்கலாம்ல? எடுத்துட்டுப் போய் பூதத்துக்குப் படிச்சுக் காட்டலாம்ல?"

என் நான்கு ஷீட்களிலும் இப்படி ஒரு வரி இல்லை. ஆனால் தேவையான எல்லாம் இருந்தது. எந்தக் கல் எப்போது போகும் என்பது வண்டிக்காரருக்குத் தெரியும். அவருக்குப் பாவம் செய்கிறோமே என்ற பயமும் இருக்கிறது. எனவே இரவில் வண்டியை அரை மணி நேரம் நிறுத்த அவர் சம்மதித்தார். விளக்கைப் பிடிக்க ஒருவர், படிக்க ஒருவர், எழுத ஒருவர், காவலுக்கு ஒருவர். ஒவ்வொரு கல்லுக்கும் தாயம் உருட்டினார்கள். எல்லாக் கற்களையும் எழுத முடியவில்லை. கடைசியில் பூதத்துக்கு ஏரியின் பெயர் நினைவிருந்தது, அரசனின் பெயர் நினைவில்லை. அது ஊருக்குள் வரவில்லை. முடிவு வெற்றியா தோல்வியா என்று அவர்கள் இன்னும் வாதாடிக் கொண்டிருக்கிறார்கள்.

முடிந்ததும் உ பட்டியலைக் கொடுத்தேன். அதில் அவர்களுக்காகவே பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தேன். சென்னை மாகாண அரசு கல்வெட்டுகளைப் படியெடுத்துப் படிப்பதற்கென்று ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞரை நியமித்தது 1886-ல். கீழணை கட்டி ஐம்பது ஆண்டுகள் கழித்து. மறுநாள் காலை நான்கு பேரும் கோயிலுக்குக் கிளம்பினார்கள். அங்கே பலமுறை போனவர்கள்தான். இந்த முறை விமானத்தைப் பார்ப்பதற்கு முன்பே மதில் எங்கே என்று தேடினார்கள்.

நீங்கள் தொடங்க

உங்கள் ஊருக்கும் இதே முறை பொருந்தும். முதலில் சுற்றுவட்டாரத்தில் அர்த்தம் சொல்லும் ஏழு இடப் பெயர்களை எழுதுங்கள். பாளையம், கோட்டை, மேடு, களம், பட்டினம் என்று முடியும் பெயர்களில் பெரும்பாலும் விஷயம் இருக்கும். வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை க பட்டியலில் வையுங்கள். புத்தகத்தில் உறுதியானால் உ பட்டியலுக்கு மாற்றுங்கள்.

அடுத்து, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும் ஒரு பிரச்சினை. குளமா பஸ் ஸ்டாண்டா, பழைய மரமா புதிய சாலையா என்று எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும். அதில் ஒரே ஒரு மாயத்தைச் சேருங்கள். ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

பிறகு நான்கு ஷீட்கள். ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். முடிவை மட்டும் எழுதாதீர்கள். அது விளையாடுபவர்களின் வேலை.